கான்ஃபரன்ஸ் ஜெயித்தால் ஸ்டேட் போகலாமா? இந்தியானா பள்ளி விளையாட்டை வைத்து ஓர் எளிய விளக்கம்

"பையன் ஸ்கூல் கான்ஃபரன்ஸ் ஜெயிச்சிடுச்சாம். அடுத்தது ஸ்டேட்தானே?"

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் நம் குடும்பங்களில் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். பர்டூ பல்கலைக்கழகத்தை ஒட்டிய லஃபயட் பக்கம் இருப்பவர்களும் கேட்பார்கள், ஊரிலிருந்து ஃபோனில் பேசும் தாத்தாவும் கேட்பார். பதில் "இல்லை" என்பதுதான். கான்ஃபரன்ஸில், அதாவது ஆண்டுதோறும் தமக்குள் ஆடும் பள்ளிகளின் குழுவில், முதலிடம் பிடித்த பள்ளியும் கடைசி இடத்தில் நின்ற பள்ளியும் மாநிலப் போட்டிக்குள் ஒரே வாசல் வழியாகத்தான் நுழைகின்றன.

அப்படியானால் கான்ஃபரன்ஸ் எதற்கு? வாரந்தோறும் ஆயிரக்கணக்கானோர் கூடிக் கத்தியது எதற்காக? அமெரிக்கப் பள்ளி விளையாட்டைப் பற்றி எழுதும் பலர் கான்ஃபரன்ஸ், லீக், மாநிலச் சங்கம் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள். அந்தக் குழப்பத்தைப் பிரித்துக் காட்ட இந்தியானாவின் நார்த் சென்ட்ரல் கான்ஃபரன்ஸை எடுத்துக்கொள்கிறேன். 1926இல் தொடங்கிய அமைப்பு அது. ஒரு பள்ளி கான்ஃபரன்ஸ் எப்படிப் பிறக்கிறது, எப்படிப் பெருமை சேர்க்கிறது, எப்படித் தேய்கிறது என்ற மூன்றையும் அதன் வரலாற்றில் பார்த்துவிடலாம்.

நம் குறுவட்டம் போன்றதா?

தமிழ்நாட்டில் படித்தவர்களுக்குக் குறுவட்டப் போட்டி தெரியும். எந்தப் பள்ளி எந்தக் குறுவட்டம் என்பதைப் பள்ளிக் கல்வித்துறை முடிவு செய்யும். அதில் ஜெயித்தால் மாவட்டம், அப்புறம் மாநிலம். படிக்கட்டு மாதிரி ஒன்றின் மேல் ஒன்று.

இந்தப் பழக்கத்தால்தான் கான்ஃபரன்ஸையும் ஒரு படிக்கட்டாக நினைத்துவிடுகிறோம். இந்தியானாவில் அது படிக்கட்டு அல்ல. எந்தத் துறையும் கோடு போட்டுப் பிரித்ததும் அல்ல. சில பள்ளிகள் தாங்களாகக் கூடி, "ஒவ்வொரு வருஷமும் நாம் ஒருவரோடொருவர் ஆடுவோம்" என்று கொடுத்துக்கொண்ட வாக்குதான் கான்ஃபரன்ஸ்.

மொய் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நான் உங்கள் வீட்டு விசேஷத்துக்கு வந்தால், என் வீட்டு விசேஷத்துக்கு நீங்கள் வருவீர்கள். எந்தச் சட்டமும் அதைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அந்தக் கணக்கு தலைமுறை தாண்டியும் நிற்கும். கான்ஃபரன்ஸிலும் இந்த வருஷம் நாங்கள் உங்கள் ஊருக்கு வந்து ஆடினால், அடுத்த வருஷம் நீங்கள் எங்கள் ஊருக்கு வர வேண்டும்.

இன்னொரு சிறு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். தமிழில் "அத்லெட்டிக்ஸ்" என்றதும் ஓட்டம், நீளம் தாண்டுதல், குண்டு எறிதல் என்று தடகளம்தான் நினைவுக்கு வரும். அமெரிக்கப் பள்ளிகளில் "அத்லெட்டிக்" என்பது எல்லா விளையாட்டையும் குறிக்கும். கூடைப்பந்து, அமெரிக்கக் கால்பந்து, நீச்சல், மல்யுத்தம், கோல்ஃப் எல்லாம் அதில் அடக்கம். பள்ளியில் இவற்றையெல்லாம் நிர்வகிப்பவர் அத்லெட்டிக் டைரக்டர். அட்டவணை போடுவதில் பெரும்பாடு அவருடையது.

இதுவரை பார்த்தது: கான்ஃபரன்ஸ் என்பது பள்ளிகள் விரும்பிச் செய்துகொண்ட ஒப்பந்தம். அரசு வகுத்த பிரிவும் அல்ல, மாநிலப் போட்டிக்கு ஏறும் படியும் அல்ல.

"மாநாடு" என்ற பெயர் ஏன்?

விளையாடும் பள்ளிகளின் குழுவுக்கு எதற்கு இப்படி ஒரு பெயர்? இந்தப் பெயரின் கதையும் ஒரு விதத்தில் இந்தியானாவோடு தொடர்புடையது. 1895 ஜனவரியில் பர்டூ பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் ஸ்மார்ட் அழைத்ததன் பேரில் சில பல்கலைக்கழகங்களின் தலைவர்கள் சிகாகோவில் கூடினார்கள். அந்தக் காலக் கல்லூரிகளின் அமெரிக்கக் கால்பந்தில், அங்கே படிக்காதவர்களையும் கூலிக்கு ஆடுபவர்களையும் கொண்டுவந்து இறக்குவது சாதாரணம். அதைக் கட்டுப்படுத்த விதிகள் வேண்டும் என்பதுதான் பேச்சு. அடுத்த ஆண்டு அது முறையான அமைப்பானது. பேராசிரியப் பிரதிநிதிகள் கூடிப் பேசும் மாநாடு என்பதே அதன் பெயராக இருந்தது. இன்று பிக் டென் என்று உலகம் முழுக்க அறியப்படும் பல்கலைக்கழக கான்ஃபரன்ஸ் அதுதான்.

அதாவது முதலில் "கான்ஃபரன்ஸ்" என்றது மைதானத்தை அல்ல, மேசையைச் சுற்றி நடந்த கூட்டத்தை. யார் ஆடலாம், யார் ஆடக்கூடாது, எந்தத் தேதியில் எங்கே ஆடுவது என்று பேசி முடிவெடுத்த கூட்டத்தின் பெயர், காலப்போக்கில் அந்தக் குழுவின் பெயராகிவிட்டது. உயர்நிலைப் பள்ளிகளும் அதையே எடுத்துக்கொண்டன. சில வட்டாரங்களில் இதையே லீக் என்பார்கள். பெயர்தான் வேறு.

ஆனால் கல்லூரி கான்ஃபரன்ஸையும் பள்ளி கான்ஃபரன்ஸையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது. அங்கே கோடிக்கணக்கான டாலர் தொலைக்காட்சிப் பணம் புரள்கிறது. பள்ளி கான்ஃபரன்ஸில் இருப்பது தலைமை ஆசிரியர்களும் அத்லெட்டிக் டைரக்டர்களும் ஆண்டுக்குச் சில முறை கூடும் கூட்டமும், ஓர் அட்டவணையும், ஒரு கோப்பையும்தான்.

மாநிலச் சங்கம் வேறு, கான்ஃபரன்ஸ் வேறு

விளையாட்டு விதிகள், மாணவர்களின் தகுதி, மாநிலப் போட்டி ஆகிய மூன்றும் மாநிலச் சங்கத்தின் கையில் இருக்கின்றன. இந்தியானாவின் உயர்நிலைப் பள்ளி விளையாட்டுச் சங்கம் 1903இல் தொடங்கியது. முதல் மாநிலக் கூடைப்பந்துப் போட்டி 1911இல் நடந்தது. அதில் வென்றது கிராஃபர்ட்ஸ்வில் என்ற ஊர்.

அந்தப் போட்டி எப்படி நடக்கிறது என்று புரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும். மாநிலத்தை நிலப்பரப்பு வாரியாகச் சிறு குழுக்களாகப் பிரிப்பார்கள். அந்த முதல் சுற்றுக்குச் செக்‌ஷனல் என்று பெயர். உறுப்பினராக உள்ள பள்ளிகள் எல்லாம் இதில் ஆடலாம். யார் யாரோடு மோதுவது என்பதைக் குலுக்கிப் போட்டு எடுப்பார்கள். கான்ஃபரன்ஸில் நீங்கள் முதலிடமா, கடைசியா என்று குலுக்கலுக்குத் தெரியாது. செக்‌ஷனலில் வென்றால் ரீஜனல், அதன்பின் செமி-ஸ்டேட், அப்புறம் ஸ்டேட். ஒரு முறை தோற்றால் அத்தோடு ஆட்டம் முடிந்தது.

எல்லா மாநிலத்திலும் இப்படி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கலிஃபோர்னியாவில் பல இடங்களில் லீக்கில் முன்னணி இடம் பிடித்தால் அடுத்த கட்டத்துக்கு நேரடியாகப் போகலாம். அதனால் கலிஃபோர்னியா உறவினர் சொன்னதை நம்பி இந்தியானாவில் கணக்குப் போடாதீர்கள்.

சுருக்கமாக: குளிர்காலம் முழுக்க கான்ஃபரன்ஸ், மார்ச் நெருங்கும்போது மாநிலப் போட்டி. முதலாவதை நடத்துவது பள்ளிகளின் குழு, இரண்டாவதை நடத்துவது மாநிலச் சங்கம்.

எரிவாயுவும் கண்ணாடி ஜாடியும் கார் பாகமும்

இப்போது நார்த் சென்ட்ரலுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கான்ஃபரன்ஸின் வரலாறு என்று நாம் சொல்வது உண்மையில் அந்த ஊர்களின் வரலாறு.

மன்சி, ஆண்டர்சன், மேரியன், கோகோமோ, லோகன்ஸ்போர்ட், நியூ காசில், ரிச்மண்ட், லஃபயட், ஃபிராங்ஃபர்ட் ஆகிய அதன் ஊர்களை வரைபடத்தில் பாருங்கள். தலைநகரம் இந்தியானாபொலிஸுக்கு வடக்கிலும் பக்கவாட்டிலுமாக, ஒரு வளையத்தின் பகுதிபோல நிற்கும். எல்லாமே நடுத்தர அளவுத் தொழில் நகரங்கள். 1880களின் நடுவில் இந்தப் பக்கம் இயற்கை எரிவாயு கிடைத்தது. மலிவான எரிபொருளைத் தேடித் தொழிற்சாலைகள் வந்தன. கண்ணாடி ஜாடி செய்யும் பால் சகோதரர்கள் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவை விட்டு மன்சிக்கு வந்தது அப்படித்தான். எரிவாயு சில பத்தாண்டுகளில் தீர்ந்துவிட்டது, ஆனால் தொழிலாளர்களும் கைத்திறனும் அங்கேயே தங்கினார்கள். அப்புறம் கார் யுகம். கோகோமோவில் எல்வுட் ஹேன்ஸ் 1894இலேயே தன் காரை ஓட்டிக் காட்டினார். ஆண்டர்சன் ஜெனரல் மோட்டார்ஸின் பாகங்கள் செய்யும் பெரிய மையமானது.

வேலைக்கு ஆட்கள் வந்தார்கள், பிள்ளைகள் பெருகினார்கள், ஊருக்கு ஒரு பெரிய உயர்நிலைப் பள்ளி என்ற நிலை வந்தது. கிராமப் பள்ளிகள் தங்கள் கவுன்ட்டிக்குள் ஆடிக்கொண்டன. கவுன்ட்டி என்பது நம் மாவட்டத்தைவிடச் சிறிய நிர்வாகப் பிரிவு. பெரிய பள்ளிக்குக் கவுன்ட்டிக்குள் சமமான எதிரணி கிடையாது. முப்பது நாற்பது மைல் தள்ளி, தன்னைப் போலவே தொழிற்சாலைப் புகையோடு இருக்கும் அடுத்த நகரத்தில்தான் கிடைக்கும். 1926இல் இப்படிப்பட்ட நகரப் பள்ளிகள் ஒன்றுசேர்ந்ததை இந்தப் பின்னணியோடு பார்த்தால் எளிதாக விளங்கும்.

அளவு, தூரம், பகை. கான்ஃபரன்ஸை ஒட்டிவைக்கும் பசை இந்த மூன்றும்தான். பள்ளிகள் ஏறத்தாழ ஒரே அளவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆட்டம் ஒருதலையாகிவிடும். போய்த் திரும்பும் தூரமாக இருக்க வேண்டும், மறுநாள் பிள்ளைகள் வகுப்பில் உட்கார வேண்டுமே. பகை என்பதை நல்ல அர்த்தத்தில்தான் சொல்கிறேன். தன் ஊர் தோற்றால் மறுநாள் காலை வேலைக்குப் போகவே கூச்சமாக இருக்கும் அளவு அக்கறை. ஆண்டர்சனும் மன்சியும் முப்பது கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இருக்கின்றன. ஒரே தொழிற்சாலையில் இரண்டு ஊர்க்காரர்களும் பக்கத்துப் பக்கத்து இயந்திரத்தில் நின்றிருப்பார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இந்தப் பசை எவ்வளவு வலுவானது என்பதற்கு ஒரு கணக்கு. 1928 முதல் 1939 வரை கூடைப்பந்தில் 12 மாநிலக் கோப்பைகள். அவற்றில் 9 இந்த நகரங்களுக்கே வந்தன. மன்சி நகரின் மன்சி சென்ட்ரல் பள்ளி (1928, 1931), ஃபிராங்ஃபர்ட் (1929, 1936, 1939), நியூ காசில் (1932), லோகன்ஸ்போர்ட் (1934), ஆண்டர்சன் (1935, 1937). 1928 இறுதியில் மன்சி சென்ட்ரல் மார்ட்டின்ஸ்வில்லை 13-12 என்று ஒரே புள்ளியில் வென்றது. தோற்ற அணியில் ஆடிய ஒரு பையன் ஜான் வூடன், பின்னாளில் பயிற்சியாளராக 10 தேசியக் கல்லூரிப் பட்டங்களை வென்றவர். வாராவாரம் வலுவான அணிகளோடு மோதிப் பழகியதால் மார்ச் மாதம் இந்தப் பள்ளிகளுக்குக் கைகொடுத்தது என்பது என் எண்ணம். கான்ஃபரன்ஸ் வெற்றி மாநிலப் போட்டிக்கு நுழைவுச்சீட்டு அல்ல. ஆனால் அது தரும் பயிற்சிக்கு ஈடு கிடையாது.

ஊரில் பாதிப்பேர் உட்காரும் அரங்கம்

நியூ காசில் நகரம் 1959இல் தன் பள்ளிக்காக ஒரு கூடைப்பந்து அரங்கம் கட்டியது. திறந்தபோது அதில் 9,000 பேருக்கு மேல் உட்கார இடம் இருந்தது. உலகின் மிகப் பெரிய உயர்நிலைப் பள்ளி உள்ளரங்கம் என்று அதைச் சொல்வார்கள். அந்தக் காலத்தில் ஊரின் மக்கள்தொகையே ஏறத்தாழ 20,000. கிட்டத்தட்டப் பாதி ஊர்! இரண்டு ஆண்டு கழித்து ஆண்டர்சன் விக்வாம் என்ற அரங்கத்தைத் திறந்தது. அதிலும் ஏறத்தாழ 9,000 இருக்கைகள்.

ஒரு சிறு நகரம் இவ்வளவு பெரிதாகக் கட்ட எப்படித் துணிந்தது? இங்கேதான் கான்ஃபரன்ஸின் பொருளாதாரம் வருகிறது. பொதுவாக உள்ளூர் ஆட்டத்தின் டிக்கெட் வருமானம் விருந்தளிக்கும் பள்ளிக்கு. யாரோ முன்பின் தெரியாத அணி வந்தால் அரங்கம் நிறையாது. மேரியனோ மன்சியோ வருகிறது என்றால் நிறையும். அந்த ஆட்டம் ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் நிச்சயம் நம் ஊரில் நடக்கும் என்பதற்குக் கான்ஃபரன்ஸ் உத்தரவாதம். அந்த உறுதி இருந்தால்தான் ஓர் ஊர் இவ்வளவு இருக்கைகளைப் போடத் துணியும்.

மைலன் கதை சொல்லும் பாடம்

1954 மாநில இறுதி ஆட்டத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 161 மாணவர்களே இருந்த மைலன் என்ற கிராமப் பள்ளி, மன்சி சென்ட்ரலை 32-30 என்று வென்றது. கடைசி நொடிகளில் பாபி பிளம்ப் போட்ட கூடை அது. அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுபவர்கள் மன்சியை வில்லனாக்கிவிடுகிறார்கள். பாவம், அதுவும் பிள்ளைகளின் அணிதான்.

நம் விளக்கத்துக்கு இதில் தேவையானது ஒன்று உண்டு. கான்ஃபரன்ஸ் ஒத்த அளவுப் பள்ளிகளைச் சேர்த்து வைப்பது. மைலனும் மன்சி சென்ட்ரலும் ஒரே கான்ஃபரன்ஸில் இருக்கவே முடியாது. அன்றைய மாநிலப் போட்டி அப்படியல்ல. 700க்கும் மேற்பட்ட பள்ளிகள் அளவு வித்தியாசமின்றி ஒரே கோப்பைக்கு ஆடின. அதனால்தான் அந்த இரண்டு அணிகளும் சந்திக்க முடிந்தது. 1997-98 பருவத்திலிருந்து மாணவர் எண்ணிக்கையை வைத்து நான்கு பிரிவுகளாகப் பிரித்துவிட்டார்கள். இப்போது கோப்பைகளும் நான்கு. சிறிய பள்ளிகளுக்கு நியாயம் என்று சிலரும், பழைய உயிர் போய்விட்டது என்று சிலரும் இன்றும் வாதாடுகிறார்கள். நான் இரண்டாவது கட்சி.

கதவு மூடப்பட்டபோது

விரும்பிச் சேரும் ஒப்பந்தம் என்றால் விரும்பாமல் விலக்கவும் முடியும். இது கசப்பான பகுதி, ஆனாலும் சொல்லியாக வேண்டும். கறுப்பின மாணவர்களுக்கென்று இந்தியானாபொலிஸில் 1927இல் திறக்கப்பட்ட கிறிஸ்பஸ் ஆட்டக்ஸ் பள்ளியை 1942 வரை மாநிலச் சங்கமே சேர்த்துக்கொள்ளவில்லை. ஆட எதிரணி கிடைக்காமல் வெளிமாநிலம் வரை பயணம் போனார்கள். கான்ஃபரன்ஸ் என்ற பாதுகாப்பு இல்லாத பள்ளியின் அட்டவணை எவ்வளவு வெறுமையாக இருக்கும் என்பதற்கு இதைவிட வேதனையான சான்று இல்லை.

1955இல், பின்னாளில் புகழ்பெற்ற கூடைப்பந்து வீரரான ஆஸ்கர் ராபர்ட்சன் ஆடிய ஆட்டக்ஸ் அணி, செமி-ஸ்டேட்டில் மன்சி சென்ட்ரலை 71-70 என்று தாண்டி, மாநிலக் கோப்பையை எடுத்தது. எல்லாருக்கும் பொதுவான மாநிலப் போட்டியில் வென்ற முதல் கறுப்பினப் பள்ளி என்று அமெரிக்கா முழுக்கப் பேசப்பட்டது. மறு ஆண்டு இறுதியில் எதிரே நின்றது இன்னொரு நார்த் சென்ட்ரல் பள்ளியான லஃபயட் ஜெஃபர்சன். 79-57 என்று ஆட்டக்ஸ் வென்றது. ஒரு தோல்விகூட இல்லாமல் பருவத்தை முடித்துக் கோப்பை வென்ற முதல் அணி ஆட்டக்ஸ்தான்.

பெண்களுக்கு வேறு விதமான கதவு. 1972இல் வந்த டைட்டில் ஒன்பது என்ற கூட்டாட்சிச் சட்டம், அரசுப் பணம் பெறும் கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்தது. இந்தியானாவின் முதல் பெண்கள் மாநிலக் கூடைப்பந்துப் போட்டி 1976இல் நடந்தது. ஆண்களின் முதல் போட்டிக்கு 65 ஆண்டு கழித்து.

ஒருவர் விலகினால் சீட்டு என்னாகும்?

பத்துப் பேர் சேர்ந்து சீட்டுப் போடுகிறோம். நடுவில் ஒருவர் விலகினால் மிச்சம் ஒன்பது பேருக்கும் கணக்கு இடிக்கும். கான்ஃபரன்ஸும் அப்படித்தான்.

அமெரிக்கக் கால்பந்தை எடுத்துக்கொள்வோம். இந்தியானாவில் ஒரு பள்ளிக்கு வழக்கமான பருவத்தில் 9 ஆட்டங்கள். எட்டுப் பள்ளி கான்ஃபரன்ஸ் என்றால் அவற்றில் 7 தாமாகவே நிரம்பிவிடும். அத்லெட்டிக் டைரக்டர் இரண்டு வெள்ளிக்கிழமைகளுக்கு மட்டும் வெளியே ஆள் தேடினால் போதும். ஒரு பள்ளி போய்விட்டால் ஏழு பள்ளிகளின் அட்டவணையிலும் ஒரு ஓட்டை. மற்ற கான்ஃபரன்ஸ்களின் தேதிகள் முன்பே நிரம்பியிருக்கும். அதனால் ஒருவர் கிளம்பியதும் மற்றவர்களும் பதற்றத்தில் இடம் தேட ஆரம்பிக்கிறார்கள். இப்படிப் பள்ளிகள் கான்ஃபரன்ஸ் மாறி அடுக்கே கலைந்து புதிதாகச் சேர்வதற்கு மறுசீரமைப்பு என்று பெயர்.

நார்த் சென்ட்ரலில் இது ஏன் நடந்தது? முன்பு சொன்ன மூன்றில் முதல் பசை காய்ந்தது. கார் பாகத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடின. வேலை போனால் குடும்பம் போகும், குடும்பம் போனால் பள்ளியில் பெஞ்சு காலியாகும். ஒரு காலத்தில் ஆண்டர்சனில் மூன்று பொது உயர்நிலைப் பள்ளிகள் இருந்தன. மேடிசன் ஹைட்ஸ் 1997இல் மூடியது, ஹைலண்ட் 2010இல். மன்சியில் சவுத்சைடு 2014இல் உயர்நிலைப் பள்ளியாக இருப்பதை நிறுத்தியது, பிள்ளைகள் சென்ட்ரலுக்குப் போனார்கள். விக்வாம் அரங்கத்தை 2011இல் பூட்டினார்கள். அதே நேரம் இந்தியானாபொலிஸின் வடக்குப் புறநகர்களில் பள்ளிகள் வீங்கிக்கொண்டிருந்தன. பழைய கூட்டாளிகள் சிலருக்கு நார்த் சென்ட்ரல் பெரிய இடமாகிவிட்டது. நியூ காசில் விலகித் தன் அளவுக்கு ஒத்த வேறு கான்ஃபரன்ஸுக்குப் போனது. லஃபயட் பக்கத்து ஹாரிசன், மக்கச்சன் பள்ளிகள் உள்ளே வந்தன.

இங்கே ஒரு நிமிடம் நிறுத்திப் பார்ப்போம். மாணவர் எண்ணிக்கை மாறும்போது கான்ஃபரன்ஸ் மாறுகிறது. எண்ணிக்கையை மாற்றுவது பெரும்பாலும் ஊரின் தொழில்தான். "துரோகம் செய்துவிட்டார்கள்" என்று விலகிய பள்ளியைத் திட்டுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

புதிதாக வந்தவர்களால் லஃபயட் பக்கம் போகும் நீண்ட பயணங்கள் கூடின என்ற குறையும் உண்டு. கிழக்கு எல்லையில் இருக்கும் ரிச்மண்டிலிருந்து லஃபயட்டுக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். இந்த இரண்டு ஊர்களும் 1992 மாநில இறுதியிலேயே மோதியிருக்கின்றன, வென்றது ரிச்மண்ட். அதனால் தூரம் இருந்தாலும் உறவு பழையது. மன்சி சென்ட்ரலும் மேரியனும் ஆண்கள் கூடைப்பந்தில் ஆளுக்கு எட்டு மாநிலக் கோப்பை வைத்திருக்கின்றன. மேரியன் 1985, 1986, 1987 என்று தொடர்ந்து மூன்று முறை வென்றதை அந்த ஊரில் இன்றும் தேதி தேதியாகச் சொல்வார்கள்.

அட்டவணையை எப்படிப் படிப்பது?

பிள்ளையின் பள்ளி வெளியிடும் பருவ அட்டவணையில் சில ஆட்டங்களுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்கும். பெரும்பாலும் அவை கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள். புள்ளிப் பட்டியலில் ஒரே அணிக்கு இரண்டு கணக்கு இருப்பதையும் பார்க்கலாம். ஒன்று மொத்த ஆட்டங்களின் வெற்றி தோல்வி, மற்றொன்று கான்ஃபரன்ஸ் ஆட்டங்களில் மட்டும். பத்துப் பள்ளிகள் ஒருவரோடொருவர் ஒரு முறை ஆடினால் ஆளுக்கு 9 ஆட்டம், மொத்தம் 45. கான்ஃபரன்ஸ் பட்டத்துக்கு அந்த 9 மட்டுமே கணக்கு. மொத்தத்தில் நான்காக இருக்கும் அணி கான்ஃபரன்ஸில் முதலாக இருக்கலாம், தவறில்லை. இருவர் சமமாக முடித்தால் பல கான்ஃபரன்ஸ்களில் பட்டத்தைப் பகிர்ந்துகொள்வார்கள். ஓட்டம், நீச்சல் போன்றவற்றில் ஒரே நாளில் எல்லாப் பள்ளிகளும் கூடும் கான்ஃபரன்ஸ் மீட் நடக்கும்.

கடைசியாக, என்னிடம் பலர் கேட்கும் ஒன்று. பிரிந்துபோன பள்ளிகள் இனி ஆடவே முடியாதா? முடியும். தடை ஏதும் இல்லை. இரண்டு அத்லெட்டிக் டைரக்டர்களும் பேசி, இரு அட்டவணையிலும் ஒரே நாள் காலியாக இருந்தால் போதும். காலி நாள் கிடைக்காவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது. செக்‌ஷனல் குழுக்களை மாநிலச் சங்கம் ஊர்களின் இருப்பிடத்தை வைத்துத்தான் பிரிக்கிறது. ஒரே பிரிவு அளவில் இருக்கும் பக்கத்து ஊர்கள் என்றால், கான்ஃபரன்ஸ் பிரித்து வைத்த இரண்டு பள்ளிகளையும் குலுக்கல் சீட்டு ஒரே ஆட்டத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடலாம்.